வாசகர் கேள்வி – பதில்: உழைக்க முடியாமல் போனவருக்கு அரசு உதவித்தொகை

தொண்டி முதல் மூக்கையூர் வரையுள்ள கடலோர ஊர்களிலிருந்து வந்த கடிதங்களில், மாற்றுத்திறனாளி உதவித்தொகை பற்றியவற்றை இந்த இதழில் ஒன்றாக எடுத்துக்கொண்டிருக்கிறோம். ஊரை மட்டும் குறிப்பிட்டிருக்கிறோம்.

கீழக்கரை வாசகி: என் கணவருக்கு வயது 36. சங்கு குளிக்கப் போகிறவர். கம்ப்ரசர் காற்றில் ஆழத்தில் நெடுநேரம் இருந்துவிட்டு ஏறிவந்த அன்றே இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. எட்டு மாதமாகப் படுக்கைதான். சிறுநீருக்கு டியூப் போட்டிருக்கிறது. "எந்த வேலையும் செய்ய இயலாது" என்று தனியார் டாக்டர் எழுதித் தந்த கடிதத்தோடு மனு கொடுத்தோம். வாங்கவில்லை. இனி யாரைப் பார்ப்பது?

அந்தக் கடிதத்தில் இருப்பது உண்மைதான். ஆனால் உதவித்தொகை மனுவுக்கு அது ஆவணம் ஆகாது. உடலில் நிலையான பாதிப்பு எத்தனை சதவீதம் என்றுதான் அரசு பார்க்கிறது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைப் பாதிப்புகளைப் பட்டியலிட்டிருக்கிறது. பெரும்பாலான சலுகைகளுக்கு 40% கீழ்வரம்பு. அந்தச் சதவீதத்தை எழுதிக் கொடுக்கும் அதிகாரம் அரசு நியமித்த மருத்துவ அதிகாரிக்கோ குழுவுக்கோ மட்டுமே உண்டு. அதனால் முதலில் சான்றும் யுடிஐடி கார்டும் (மாற்றுத்திறனாளிக்கான தேசிய அடையாள அட்டை) வாங்குங்கள்.

இரண்டுக்கும் மத்திய அரசின் ஸ்வாவலம்பன் இணையதளத்தில் பதிய வேண்டும். இ-சேவை மையத்தில் கொடுத்தும் பதியலாம். ஆதார், ஆறு மாதத்துக்குள் எடுத்த போட்டோ, கையெழுத்து அல்லது கைநாட்டு தேவை. மருத்துவமனையைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையைக் குறிப்பிடலாம். மதுரையில் அரசு மருத்துவமனையில் சிகிச்சை நடந்திருந்தால் அங்கேயே சான்று கேட்கவும் விதியில் இடம் இருக்கிறது. நரம்பு சம்பந்தப்பட்ட பாதிப்பைப் பொதுவாக ஆறு மாதம் கழித்தே மதிப்பிடுவார்கள். உங்கள் கணவருக்கு அந்தக் காலம் தாண்டிவிட்டது.

பரிசோதனைக்குப் போகும்போது டிஸ்சார்ஜ் சுருக்கம், எம்.ஆர்.ஐ. படம், அதன் அறிக்கை மூன்றும் கையில் இருக்க வேண்டும். படம் மட்டும் போதாது. ஆழத்தில் அழுத்தத்தால் ரத்தத்தில் கரைந்த நைட்ரஜன், வேகமாக ஏறிவரும்போது குமிழியாகி முதுகுத் தண்டுவடத்தைப் பாதிக்கிறது. சங்கு குளிப்பவர்களுக்கு இடுப்புக்குக் கீழ் செயலிழப்பது பெரும்பாலும் இதனால்தான். எனவே சான்றில் 'தண்டுவடப் பாதிப்பு' என்ற நோய்நிலை பதிவாகிறதா என்று பாருங்கள். வெறுமனே 'இரு கால்களும் செயலிழந்தவை' என்று எழுதிவிட்டால், உதவித்தொகைக்குக் கடும் பாதிப்புப் பிரிவில் சேர்த்து 75% இருக்கிறதா என்று பார்ப்பார்கள். தண்டுவடம் பாதித்தவர்களுக்குத் தனிப்பிரிவே இருக்கிறது.

இனி பணம். இரண்டு அலுவலகங்கள் தனித்தனியாக இரண்டு தொகை தருகின்றன. பலர் குழம்புவது இங்கேதான். வருவாய்த்துறையின் மாற்றுத்திறனாளி ஓய்வூதியம் 2023 ஜனவரி முதல் மாதம் 1,500 ரூபாய். இ-சேவையில் பதிந்தால் மனு வி.ஏ.ஓ., ஆர்.ஐ. வழியாகச் சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி தாசில்தாரிடம் போகும். மற்றொன்று மாற்றுத்திறனாளிகள் நலத்துறை தரும் பராமரிப்பு உதவித்தொகை, மாதம் 2,000 ரூபாய். அறிவுசார் குறைபாடு, கடும் பாதிப்பு, தசைச்சிதைவு, தொழுநோயிலிருந்து குணமானவர், பார்க்கின்சன், தண்டுவடப் பாதிப்பு போன்ற பிரிவினருக்கு இது. ஒருவர் இரண்டையும் வாங்க முடியாது. இ-சேவைக் கடையில் வழக்கமாகப் பதிவது 1,500 ரூபாய்த் திட்டத்தைத்தான். நீங்கள் நேராக ராமநாதபுரம் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்குப் போய், தண்டுவடப் பிரிவில் பராமரிப்பு உதவித்தொகைக்கு மனு கொடுங்கள். எழுந்திருக்க முடியாதவரைக் கூடவே இருந்து கவனிப்பவருக்கு மாதம் 1,000 ரூபாய் உதவியும் இருக்கிறது. அதற்குத் தனி மனு என்பதால் கேட்காமல் வராது. தண்டுவடம் பாதித்தவருக்கான சக்கர நாற்காலிக்கும் அன்றே எழுதிக் கொடுத்துவிடுங்கள். சாதாரண நாற்காலியில் நெடுநேரம் உட்கார்ந்தால் படுக்கைப் புண் வரும். உணர்வில்லாத உடம்பில் அது ஆழமாகும் வரை தெரியாது.

தங்கச்சிமடம் வாசகர்: விசைப்படகில் வலை இழுக்கும்போது கயிறு அறுந்து அடித்ததில் இடது கண் பார்வை முழுதும் போனது. வலது கண் நன்றாக இருக்கிறது. 30% என்று சான்று தந்திருக்கிறார்கள். ஒரு கண்ணே போன பிறகு இது நியாயமா?

உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் மதிப்பீட்டில் தவறு இல்லை. ஒரு கண் முழுப் பார்வையோடு இருந்து மற்றது போனால் மத்திய அரசின் வழிகாட்டு நெறியில் 30% தான். மேல்முறையீடு செய்தாலும் இது மாறாது. மாத உதவித்தொகைக்கும் வழியில்லை.

உங்களுக்குக் கிடைக்கக்கூடியது விபத்துக் காப்பீடு. பிரதமர் மீன்வளத் திட்டத்தில் மீனவர் குழு விபத்துக் காப்பீடு இருக்கிறது. பிரீமியம் முழுவதையும் அரசே கட்டுகிறது. இறப்புக்கும் நிரந்தர முழு ஊனத்துக்கும் 5 லட்சம், நிரந்தரப் பகுதி ஊனத்துக்கு 2.5 லட்சம், விபத்து மருத்துவமனைச் செலவுக்கு 25,000 ரூபாய் வரை. விபத்து நடந்த ஆண்டில் உங்கள் பெயர் பதிவில் இருந்ததா என்று மீன்வளத்துறை உதவி இயக்குநர் அலுவலகத்தில் கேளுங்கள். பேங்க் பாஸ்புக்கையும் பாருங்கள். ஆண்டுக்கு 20 ரூபாய் பிடித்திருந்தால் அது பிரதமர் சுரக்ஷா பீமா என்ற விபத்துக் காப்பீடு. ஒரு கண் பார்வை போனால் 1 லட்சம் கிடைக்கும். விபத்து நடந்த 30 நாளுக்குள் கிளெய்ம் படிவம் கொடுக்கச் சொல்கிறார்கள். இந்த இரண்டும் விபத்துக்கு மட்டுமே என்பதால், முதல் நாள் ஓ.பி. சீட்டில் 'கடலில் தொழிலின்போது கயிறு அடித்த காயம்' என்று எழுதியிருக்க வேண்டும். 'கண்ணில் காயம்' என்று மட்டும் இருந்தால் கிளெய்ம் அங்கேயே சிக்கிக்கொள்ளும். கீழக்கரை வாசகியும் இந்தக் காப்பீடுகள் தம் கணவர் பெயரில் இருக்கின்றனவா என்று விசாரிக்க வேண்டும்.

ஏர்வாடி வாசகி: என் காக்காவுக்கு (அண்ணனுக்கு) பன்னிரண்டு வருடமாக மனநோய். உடம்பில் குறை எதுவும் இல்லை. வாப்பா மவுத்தான பிறகு நான்தான் பார்த்துக்கொள்கிறேன். உதவித்தொகை கேட்க முடியுமா?

தாராளமாகக் கேட்கலாம். அந்த 21 வகையில் மனநோயும் ஒன்று. மனநல மருத்துவர் நான்கு விஷயங்களைப் பார்த்து மதிப்பெண் போடுவார்: தன்னைக் கவனித்துக்கொள்வது, மற்றவர்களோடு பழகுவது, பேச்சும் புரிதலும், வேலை. நோய் எத்தனை ஆண்டாக இருக்கிறது என்பதற்கும் தனி மதிப்பெண் உண்டு. அதனால் பழைய ஓ.பி. சீட்டுகளை எறிந்துவிடாதீர்கள். தர்காவில் தங்கி துஆ மட்டுமே செய்துவந்த ஆண்டுகளுக்குச் சீட்டு இருக்காது. அங்கே வரும் அரசு மனநலக் குழுவிடம் இப்போதே பதிந்து மாத்திரையைத் தொடங்குங்கள். உதவித்தொகை ஒருபுறம் இருக்கட்டும், மருந்து இல்லாமல் அவர் ஒரு மாதமும் இருக்கக்கூடாது.

பரிசோதனை அன்று கூடவே வசிப்பவர் போக வேண்டும். அன்றைக்கு உங்கள் காக்கா தெளிவாகப் பேசிவிட்டால் மதிப்பெண் குறையும். குளிக்கச் சொல்லித் தள்ள வேண்டியிருப்பது, இரவில் வெளியே போய்விடுவது, எந்த வேலையிலும் நிலைக்காதது எல்லாவற்றையும் தாளில் எழுதிக்கொண்டு போய்ச் சொல்லுங்கள். மனநோய்க்குப் பெரும்பாலும் தற்காலிகச் சான்றுதான் தருவார்கள். அதில் உள்ள முடிவுத் தேதிக்கு மூன்று மாதம் முன்பே புதுப்பிக்க மனு போடுங்கள்.

தேவிபட்டினம் வாசகர்: இரண்டு சிறுநீரகமும் செயலிழந்து வாரம் மூன்று முறை டயாலிசிஸ் செய்கிறேன். மாற்றுத்திறனாளி ஓய்வூதியம் கிடைக்குமா?

கிடைக்காது. சிறுநீரகச் செயலிழப்பும் இதய நோயும் அந்த 21 வகையில் இல்லை. இது சட்டத்தில் உள்ள பெரிய ஓட்டை என்றே சொல்வோம். டயாலிசிஸ் செலவுக்கு முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை உதவும். நீரிழிவால் பார்வையோ காலோ பாதிக்கப்பட்டிருந்தால் அதற்குத் தனியாக மதிப்பீடு கேளுங்கள். 60 வயது ஆகியிருந்தால் முதியோர் ஓய்வூதியத்துக்கு மனு போடலாம்.

சாயல்குடி வாசகர்: இளம்பிள்ளை வாதக் காலுக்கு 36% என்று சான்று வந்திருக்கிறது. 40% இல்லாததால் ஓய்வூதிய மனு தள்ளுபடி ஆனது. எனக்குக் காதும் சரியாகக் கேட்காது. அதைச் சொல்லவே இல்லை.

சொல்லியிருக்க வேண்டும். இரண்டு பாதிப்பு இருந்தால் சேர்த்து மதிப்பிட விதி இருக்கிறது, நேரடியாகக் கூட்டமாட்டார்கள். பெரிய எண்ணை 90-லிருந்து கழித்து, மீதியைச் சிறிய எண்ணால் பெருக்கி, 90-ஆல் வகுத்து, வந்ததைப் பெரிய எண்ணோடு சேர்ப்பார்கள். காதுக்கு 30% வந்தால்: 90-இல் 36 போக 54, 54-ஐ 30-ஆல் பெருக்கி 90-ஆல் வகுத்தால் 18, மொத்தம் 54%. முதலில் அரசு மருத்துவமனை காது மூக்கு தொண்டைப் பிரிவில் கேட்கும் திறன் பரிசோதனை செய்து, இரண்டையும் காட்டி மறுமதிப்பீடு கேளுங்கள். சான்றில் உள்ள முடிவையே ஏற்கவில்லை என்றால், முடிவு வந்த 90 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம்.

மனு போட்டபின் சும்மா இருந்துவிடாதீர்கள். 2024-இல் திருத்திய விதிப்படி மருத்துவ அதிகாரி மூன்று மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். இரண்டு ஆண்டு முடிவில்லாமல் கிடந்தால் விண்ணப்பம் செயலற்றதாகிவிடும். அதற்கு முன் திங்கட்கிழமை ஆட்சியர் குறைதீர் கூட்டத்தில் பதிவு எண்ணோடு மனு கொடுங்கள், முதலமைச்சரின் உதவி எண் 1100-க்கும் சொல்லலாம். இன்னொன்று: ஆதாரில் இனிஷியல் பெயருக்குப் பின்னாலும் பாஸ்புக்கில் முன்னாலும் இருந்தாலோ, எழுத்து மாறியிருந்தாலோ, அனுமதி வந்த பிறகும் பணம் ஏறாமல் திரும்பிவிடும். ஆதார், ரேஷன் கார்டு, பாஸ்புக், யுடிஐடி நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பெயரையும் பிறந்த தேதியையும் ஒப்பிட்டுத் திருத்திவிட்டு, பிறகு இ-சேவைக்குப் போங்கள்.