1906 மார்க்கெட் தெருப் படம்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்கள்

சான்ஃபிரான்சிஸ்கோவின் மார்க்கெட் தெருவில், கேபிள் காரின் (தரைக்கடியில் ஓடும் கம்பிவடம் இழுத்துச் செல்லும் டிராம் வண்டி) முன்புறம் கேமராவைப் பொருத்தி மைல்ஸ் சகோதரர்கள் எடுத்த படம் அது. செயற்கை நுண்ணறிவு கொண்டு மெருகேற்றிய கலர் பதிப்பைப் பார்த்துவிட்டுப் பலர் கேட்டிருந்தீர்கள்.

கேள்வி: சார், பழைய படங்களில் ஆட்கள் துள்ளித் துள்ளி நடப்பார்களே, இதில் மட்டும் எப்படி இயல்பாக நடக்கிறார்கள்?

அன்று கேமராவைக் கையால் சுற்றினார்கள். வினாடிக்கு ஏறக்குறைய 16 ஃபிரேம், அதாவது 16 தனித்தனிப் படங்கள். அதை 24-இல் ஓட்டினால் துள்ளத்தான் செய்யும். வேகத்தைச் சரிசெய்தாலே பாதி வேலை முடிந்தது. அதற்குமேல், இரண்டு ஃபிரேமுக்கு நடுவே கால் எங்கே இருந்திருக்கும் என்று கணித்து, மென்பொருளே புது ஃபிரேம் வரைகிறது. 16-ஐ 60 ஆக்கினால், நீங்கள் பார்ப்பதில் முக்கால்வாசி கேமரா எடுக்காதது!

கேள்வி: அந்தக் கலரெல்லாம் நிஜமா?

இல்லை. அக்கால ஃபிலிமில் சிவப்பு பதியாது. சிவப்புத் துணி கறுப்பாக விழும், நீல வானம் வெளுத்துவிடும். கறுப்பாக இருப்பதைக் கறுப்புக் கோட்டு என்றே மென்பொருள் எடுத்துக்கொள்கிறது.

கேள்வி: எப்படியிருந்தாலும் தெளிவாகத் தெரிகிறதே, அதில் என்ன நஷ்டம்?

இதைத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இந்தப் படம் 1905 செப்டம்பரில் எடுக்கப்பட்டது என்றுதான் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் வெகுகாலம் குறித்து வைத்திருந்தது. டேவிட் கீன் என்ற திரைப்பட வரலாற்றாளருக்குச் சந்தேகம். தெருவில் மழைத்தண்ணீர் தேங்கி நிற்கிறது, அந்த செப்டம்பரில் ஏது மழை? பழைய செய்தித்தாள்களில் வானிலைக் குறிப்புகளைத் தேடினார். படத்தில் வரும் கார் ஒன்றின் நம்பர் பிளேட்டைப் படித்துப் பதிவேட்டில் பார்த்தார். 1906 தொடக்கத்தில் பதிவான வண்டி! 1906 ஏப்ரல் 18 அதிகாலை அந்த நகரத்தைச் சாய்த்த நிலநடுக்கத்துக்குச் சில நாட்கள் முன்புதான் படம் எடுக்கப்பட்டது என்று இப்படித்தான் தெரியவந்தது. அந்தக் கூட்டத்தில் கேமராவைப் பார்த்துச் சிரிக்கிற பையன்களை அதன்பிறகு என்னால் சாதாரணமாகப் பார்க்க முடியவில்லை.

இப்போது யோசியுங்கள். மங்கலான ஓர் எண்ணை மென்பொருள் 'தெளிவாக்கும்'போது 3-ஐ 8 ஆக்கலாம். தரையின் ஈரத்தைக் கறையென்று துடைத்துவிடலாம். துடைத்தது நமக்குத் தெரியவும் தெரியாது. கீன் கையில் அப்படிப்பட்ட நகல் மட்டும் இருந்திருந்தால்?

கேள்வி: அண்ணா, தாத்தா எடுத்த 8 மி.மீ. கல்யாண ரீல் வீட்டில் இருக்கிறது. நேராக ஆப்பில் போடலாமா?

முதலில் முகர்ந்து பாருங்கள் தம்பி. புளித்த காடி வாடை அடித்தால் ஃபிலிம் அழுகத் தொடங்கிவிட்டது. மற்ற ரீல்களிலிருந்து பிரித்து வைத்து, உடனே ஸ்கேன் செய்யக் கொடுங்கள். பழைய புரொஜெக்டரில் ஓட்ட வேண்டாம், ஓரத்துளைகள் கிழிந்துவிடும். ஃபிரேம் ஃபிரேமாக ஸ்கேன் செய்பவரிடம் கொடுத்து, சுருக்காத கோப்பாக வாங்கி இரண்டு இடத்தில் வையுங்கள். அதில் கை வைக்காதீர்கள். நகலில் உங்கள் ஆசைப்படி கலர் போடுங்கள், பாட்டிக்குக் காட்டுங்கள். புடவை என்ன நிறம் என்று அவரிடமே கேட்டுவிடலாமே.