வாசகர் கேள்வி-பதில்: பாறைக்கு முகம் கொடுப்பது நிழல்

கேள்வி: பெரிய பாறை ஒன்று, அதை ஒட்டி வளைந்து நிற்கும் மரம். நேரில் பார்க்கக் கண் கொள்ளவில்லை. காலை 8 மணிக்கு, சூரியன் எனக்கு நேர் பின்னால் இருக்கும்படி நின்று எடுத்தேன். படத்தில் பாறை அட்டையில் வெட்டி ஒட்டியது மாதிரி இருக்கிறது. கேமராவை மாற்ற வேண்டுமா?

பதில்: வேண்டாம். நின்ற இடத்தை மாற்றுங்கள், போதும். சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருந்தால் பாறையின் நிழல் முழுக்கப் பாறைக்குப் பின்னால் போய் விழுகிறது. நீங்கள் பார்ப்பது வெளிச்சம் பட்ட பக்கம் மட்டும். பாறை எங்கே உப்பியிருக்கிறது, எங்கே குழிந்திருக்கிறது என்று கண்ணுக்குச் சொல்வது நிழல். அது இல்லாவிட்டால் எவ்வளவு விலை உயர்ந்த லென்ஸும் தட்டையாகத்தான் காட்டும்.

ஒருமுறை ஒரே பாறைக்கு எதிரே ட்ரைபாடை ஊன்றி, விடியலிலிருந்து அந்தி வரை மணிக்கு ஒரு படம் எடுத்தேன். கேமராவை அசைக்கவே இல்லை. ஏழு மணிப் படத்தில் இடமிருந்து வெயில் பாறையை உரசிக்கொண்டு போனது. கற்பாசித் திட்டுகள்கூடத் தனித்தனியாக எழுந்து நின்றன. உச்சிப் பொழுதில் அதே பாறை வெளுத்துப்போன துணி மாதிரி ஆகிவிட்டது. நாலரை மணிக்கு வெயில் வலப்புறம் வந்ததும், காலையில் என் கண்ணில் படவே படாத ஒரு நீண்ட விரிசல் மேலிருந்து கீழ்வரை ஓடியது. அன்றிலிருந்து எங்கே போனாலும் முதலில் பாறையைப் பார்ப்பதில்லை. அதன் நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்று பார்க்கிறேன்.

உங்கள் படத்துக்கு வருவோம். காலை 8 மணிக்குச் சூரியன் முதுகில் என்றால், நீங்கள் கிட்டத்தட்ட மேற்கைப் பார்த்து நின்றிருக்கிறீர்கள். அங்கேயே மாலை வரை காத்திருந்தால் சூரியன் முகத்துக்கு நேரே வந்துவிடும். அதனால் பாறையைச் சுற்றி நடந்து, அதன் வடக்கிலோ தெற்கிலோ போய் நில்லுங்கள். வெயில் பக்கவாட்டில் வரும். சூரியன் எவ்வளவு தாழ்ந்திருக்கிறதோ அவ்வளவு நல்லது. 45 டிகிரி உயரத்தில் இருந்தால் மரத்தின் நிழல் மரத்தின் உயர அளவுதான். 10 டிகிரிக்கு இறங்கினால் அதே நிழல் ஐந்தரை மடங்குக்கும் மேல் நீளும். அந்த நிழல் பாறைமேல் ஏறி வளைந்து கிடக்கும்போதுதான் மரமும் பாறையும் ஒன்றோடொன்று பேசுகின்றன. அந்த நிழலையும் ஃபிரேமுக்குள் முழுசாக வையுங்கள், பாதியில் வெட்டிவிடாதீர்கள்.

அப்புறம் இன்னொன்று. அடிமரமும் பாறையும் ஏறக்குறைய ஒரே கருமையில் இருக்கும். ஒன்றின்மேல் ஒன்று விழுந்தால் படத்தில் இரண்டும் ஒட்டிக்கொண்டு ஒரே கட்டியாகத் தெரியும். இரண்டடி பக்கவாட்டில் நகர்ந்தால் நடுவே ஒரு கீற்று வானம் வரும். அந்தக் கீற்று கிடைக்கும்வரை நான் ட்ரைபாடை விரிப்பதே இல்லை.

காத்திருக்கவும் பழகிக்கொள்ளுங்கள். 1927 ஏப்ரலில் அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் ஆன்செல் ஆடம்ஸ், கலிஃபோர்னியாவின் யோசெமிட்டி மலைப்பகுதியில் ஹாஃப் டோம் பாறையை எடுக்க ஏறிப் போனபோது, அதன் முகம் நிழலில் கிடந்தது. பிற்பகலில் வெயில் சாய்வாக வரும்வரை காத்திருந்தார். ஃபிலிம் மாதிரி அவர் கேமராவில் போட்டு எடுத்த கண்ணாடித் தகடுகளில் மிச்சம் இருந்தவை இரண்டே. ஒன்றை மஞ்சள் ஃபில்டர் போட்டு எடுத்துவிட்டு, தன் மனத்தில் இருக்கும் படம் இது இல்லையே என்று தோன்ற, கடைசித் தகட்டுக்குச் சிவப்பு ஃபில்டர் போட்டார். கறுப்பு-வெள்ளைப் படத்தில் நீல வானம் கறுத்தது, பாறை எழுந்து நின்றது. அந்தக் கடைசித் தகடுதான் இன்று நாம் பார்க்கும் படம்.

கேள்வி: சூரியனுக்கு எதிரே எடுத்தால் மரம் கறுப்பாகிவிடுகிறது. எதிர்வெளிச்சத்தில் எடுக்கவே கூடாதா?

பதில்: தாராளமாக எடுக்கலாம். பாறைக்கு எதிர்வெளிச்சம் விளிம்புக்கோடு ஒன்றைத்தான் தரும், அதனால் உருவம் அழகான பாறைக்கு மட்டுமே சரி. இலைக்கு அப்படியில்லை, வெளிச்சம் அதை ஊடுருவி வருகிறது. அதிலும் தளிர் இலை விளக்கு ஏற்றியது மாதிரி ஒளிரும். ஆனால் இலைக்குப் பின்னால் வானம் இருந்தால் அந்த ஒளி தெரியாது. நிழலில் கிடக்கும் பாறையோ சரிவோ பின்னணியில் வருமாறு நில்லுங்கள். எக்ஸ்போஷரை, அதாவது கேமராவுக்குள் விடும் வெளிச்சத்தின் அளவை, இலையின் வெளிச்சத்துக்கு வையுங்கள், அடிமரம் கறுத்தால் கறுக்கட்டும். சூரியனை அடிமரத்துக்குப் பின்னால் மறைத்துக்கொண்டால் லென்ஸுக்குள் வெள்ளைப் புகைபோல் படர்வது குறையும். முடியாவிட்டால், ஃபிரேமுக்குள் வராமல் கையை நீட்டி லென்ஸுக்கு நிழல் கொடுங்கள்.

கேள்வி: மேகம் மூடிய நாளில் கேமராவை எடுத்துக்கொண்டு போவது வீணா?

பதில்: தூரத்துப் பாறைகளுக்கு வீண்தான். மரக்கூட்டத்துக்குள் போனால் அதைவிட நல்ல நாள் கிடையாது. வெயில் நாளில் அங்கே வெள்ளையும் கறுப்புமாகப் பொட்டுப் பொட்டாக விழுந்து கண்ணைக் கெடுக்கும். மேகம் அதையெல்லாம் ஆற்றிவிடுகிறது. வானத்தை மட்டும் ஃபிரேமுக்குள் விடாதீர்கள், வெள்ளைக் காகிதம் ஒட்டியது மாதிரி இருக்கும். மழை விட்டதும் போலரைசரை, அதாவது பளபளப்பைக் குறைக்கும் ஃபில்டரை, லென்ஸில் மாட்டி மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். ஈர இலைமேல் இருக்கும் வெள்ளைப் பளபளப்பு விலகி, அடியிலிருந்து பச்சை வரும். ஈரப் பாறையில் மட்டும் பளபளப்பை முழுசாக எடுத்துவிடாமல், கொஞ்சம் மிச்சம் வையுங்கள்.