சர்வேயர் வருவதற்குள் பழைய டயரை மாட்டிவிடலாமா?

கேள்வி: வக்கீல் சாருக்கு வணக்கம். எனக்கு 29 வயது. குலசேகரத்துக்குப் பக்கத்தில் வீடு. மேட்டில் எங்களுக்குக் கொஞ்சம் ரப்பர் தோட்டம் இருக்கிறது. மழைக்காலத்தில் அந்தச் செம்மண் ஏற்றத்தில் என் ஆல்ட்டோ 800 ஏறாது. அடி தட்டும், சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றும். ஆகஸ்ட் மாதம் ஒரு கடையில் 13 இஞ்ச் ரிம், 155/80 அளவில் கட்டைப் பல் டயர், வண்டியை உயர்த்த ஸ்பிரிங்கில் ஸ்பேசர் எல்லாம் போட்டேன். 'அதெல்லாம் ஒண்ணும் செய்ய மாட்டாங்க அண்ணே, எல்லாரும் மாட்டிட்டுதான் ஓட்டுதாங்க' என்றார் கடைக்காரர். செப்டம்பரில் களியக்காவிளை தாண்டிப் பாறசாலையில் கேரள அதிகாரிகள் நிறுத்தி 5,000 ரூபாய் போட்டார்கள், கட்டிவிட்டேன். பத்து நாளைக்கு முன் மழையில் இறக்கத்தில் வண்டி வழுக்கி, நின்றிருந்த பைக்கையும் பக்கத்தில் நின்ற பெரியவரையும் தட்டிவிட்டது. அவருக்குக் காலில் எலும்பு முறிவு. எஃப்ஐஆர் போட்டாயிற்று. வண்டி இப்போது மார்த்தாண்டத்தில் ஒர்க்‌ஷாப்பில் நிற்கிறது. வரும் வாரம் இன்சூரன்ஸ் சர்வேயர் வருகிறார். அதற்குள் பழைய டயரை மாட்டிவிடு, இல்லாவிட்டால் கிளெய்ம் கிடைக்காது என்கிறார்கள் நண்பர்கள். செய்யலாமா? பெரியவருக்கு இன்சூரன்ஸ் பணம் கொடுக்குமா? இந்த டயரை ஆர்சியில் ஏற்றிவிட்டால் பிரச்சினை தீருமா? கேரள அதிகாரிக்கு டிஎன் 75 வண்டி மேல் என்ன அதிகாரம்? பாலிசி ஜூனில் புதுப்பித்தது, முழு இன்சூரன்ஸ்.

பதில்: தம்பி, முதல் கேள்விக்கு உடனே பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நாள் குறைவு. மாற்றாதீர்கள். சர்வேயர் பார்த்துப் படம் எடுத்து முடிக்கும்வரை அந்த நான்கு டயரும் இப்போது இருக்கிறபடியே இருக்கட்டும்.

நியாயம், தர்மம் என்று மட்டும் இதைச் சொல்லவில்லை. விபத்து நடந்த இடத்தில் கூடிய கூட்டத்தில் எத்தனை பேர் கையில் போன் இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அது போகட்டும்; ஆள் காயப்பட்ட விபத்து என்றால் மோட்டார் வாகன ஆய்வாளர் வண்டியைப் பார்த்து அறிக்கை கொடுப்பது வழக்கம். வண்டியை ஸ்டேஷனிலிருந்து விட்டிருக்கிறார்கள் என்பதால் அது முடிந்திருக்கவே வாய்ப்பு. அவர் பார்த்தபோது 13 இஞ்ச் டயர், சர்வேயர் பார்க்கும்போது 12 இஞ்ச் டயர் என்றால் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு வேறு காரணமே தேவையில்லை. தவறான பொருத்தம் என்பது வாதாடக்கூடிய விஷயம். பொய் சொன்னார் என்பது வாதாட முடியாத விஷயம். அதற்கு மேல், கிரிமினல் வழக்கு நிலுவையில் இருக்கும்போது சாட்சியப் பொருளை அப்புறப்படுத்துவது பாரதிய நியாய சன்ஹிதா (ஐபிசிக்குப் பதிலாக வந்த தண்டனைச் சட்டம்) பிரிவு 238 வரை கொண்டுபோய் விடும். இன்று உங்கள் மேல் இருப்பது கவனக்குறைவு வழக்கு. அதை மோசடி வழக்காக நீங்களே மாற்றிக்கொள்ளாதீர்கள்.

அந்த ஆய்வாளர் அறிக்கை உங்களுக்கு உதவவும் கூடும். 'விபத்து வாகனத்தின் இயந்திரக் கோளாறால் ஏற்பட்டதல்ல' என்று ஒரு வரி அதில் வருவது வழக்கம். உங்கள் அறிக்கையில் அந்த வரி இருக்கிறதா, டயரைப் பற்றித் தனியாக ஏதாவது எழுதியிருக்கிறதா என்று நகல் வாங்கிப் படியுங்கள். உங்கள் கிளெய்மின் தலையெழுத்து பெரும்பாலும் அந்த ஒரு தாளில்தான் இருக்கிறது. ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

இப்போது பெரியவரைப் பற்றி. அவருடைய இழப்பீட்டுக்கு இந்த டயர் பெரிய தடையாக இருக்காது. மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 150, மூன்றாம் நபருக்குப் பணம் கொடுக்காமல் தப்பிக்க இன்சூரன்ஸ் கம்பெனி என்னென்ன காரணம் சொல்லலாம் என்று ஒரு சிறு பட்டியல் கொடுக்கிறது: லைசென்ஸ் இல்லாதவர் ஓட்டியது, பந்தயம், தனியார் வண்டியை வாடகைக்கு விட்டது, பிரீமியம் போய்ச் சேராதது, பாலிசி எடுக்கும்போது முக்கிய விவரத்தை மறைத்தது, இப்படி. பெரிய டயர் போட்டார் என்பது அதில் இல்லை. உங்கள் பாலிசி ஜூனில் புதுப்பித்தது, டயர் ஆகஸ்டில் போட்டது. ஆகவே எடுக்கும்போது மறைத்தீர்கள் என்றும் சொல்ல முடியாது. டயர் வாங்கிய பில் இதற்குச் சாட்சி. அந்த பில்லைப் பத்திரமாக வையுங்கள்; பில் இல்லை என்றால் பணம் அனுப்பிய போன் பதிவாவது இருக்கும். பெரியவர் விபத்து நடந்த 6 மாதத்துக்குள் மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயத்தில் மனு போட வேண்டும். இந்தக் கெடு 2019 திருத்தத்தில் வந்தது. ஊரில் பலருக்கு இன்னும் தெரியாது. அவர் குடும்பத்துக்கும் தெரிந்திருக்காது.

வண்டியின் சொந்தச் சேதம், அதாவது ஓன் டேமேஜ், வேறு கதை. அங்கே சட்டத்தின் பட்டியல் உங்களைக் காப்பாற்றாது. பாலிசி நிபந்தனைதான் பேசும். 'வாகனத்தை நல்ல நிலையில் பராமரிக்க நியாயமான எல்லா நடவடிக்கையும் எடுக்க வேண்டும்' என்ற நிபந்தனை நம் நாட்டு மோட்டார் பாலிசிகளில் பொதுவாக இருக்கும். கம்பெனி அதைத்தான் பிடிக்கும். பாறசாலை ரசீதும் அவர்கள் கையில் கிடைத்தால், தவறு என்று தெரிந்த பிறகும் ஒரு மாதம் ஓட்டினார் என்று எழுதுவார்கள். இது உங்களுக்குப் பலவீனமான இடம்தான், மறைக்க விரும்பவில்லை. 'ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தால் டயர் உள்ளே உரசும்' என்று கடிதத்தின் ஓரத்தில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, அதை வேறு யாருக்கும் எழுதிக் கொடுக்காதீர்கள். உங்கள் வக்கீலிடம் மட்டும் சொல்லுங்கள். சர்வேயர் நேராகக் கேட்டால் பொய் சொல்லவும் வேண்டாம்.

ஆனால் முழுசாகக் கைவிரிக்கவும் கம்பெனியால் முடியாது. உச்ச நீதிமன்றம் 2010இல் அமலேந்து சாஹூ வழக்கில், பாலிசி நிபந்தனை மீறப்பட்டது என்பதற்காக மட்டும் கிளெய்மை அடியோடு மறுக்கக் கூடாது, 'நான்-ஸ்டாண்டர்ட்' அடிப்படையில் ஒரு பகுதியாவது கொடுத்துத் தீர்க்க வேண்டும் என்றது. சொந்தக் காரை வாடகைக்கு விட்டு விபத்தான வழக்கு அது. ஒப்புக்கொள்ளத்தக்க கிளெய்மில் 75 சதவீதம் வரை என்ற வழிகாட்டுதலை அந்தத் தீர்ப்பு எடுத்துக்காட்டுகிறது. அதற்கும் முன்பே, 1996இல் பி.வி.நாகராஜு வழக்கில், மீறல் விபத்துக்கே காரணமாக இருந்ததா என்று பார்க்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. ஆய்வாளர் அறிக்கையின் அந்த ஒரு வரிக்கு இங்கேதான் மதிப்பு. இயந்திரக் கோளாறு இல்லை, மழைநீர் ஓடிய இறக்கத்தில் வழுக்கியது என்றால், டயருக்கும் விபத்துக்கும் தொடர்பைக் காட்ட வேண்டிய பாரம் கம்பெனி மேல் போகிறது. அறிக்கை டயரைக் குறை சொல்லியிருந்தால் உங்கள் நிலை இறங்கும். அப்போதும் பாதிக்காவது பேசிப் பார்க்கலாம். எழுத்தில் மறுத்தால் முதலில் கம்பெனியின் குறைதீர் பிரிவுக்கு எழுதுங்கள். ஒரு மாதத்தில் தீரவில்லை என்றால் சென்னையில் உள்ள இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மேன் (குறைகேட்பு அதிகாரி), இல்லாவிட்டால் நாகர்கோவிலில் மாவட்ட நுகர்வோர் ஆணையம். ஆம்பட்ஸ்மேனுக்கு ஓராண்டு, நுகர்வோர் ஆணையத்துக்கு இரண்டாண்டு கெடு.

அடுத்து, ஆர்சியில் ஏற்றுவது. நடக்காது. மார்த்தாண்டம் ஆர்டிஓ ஆபீசில் யாராவது காசு வாங்கிக்கொண்டு ஏற்றித் தருகிறேன் என்றால் நம்பாதீர்கள். மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52, தயாரிப்பாளர் முதலில் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து போன ஜெயசந்திரா வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்தது. மாநில விதி அனுமதி கொடுப்பதுபோல் இருந்தாலும் பிரிவு 52க்குக் கீழ்ப்பட்டதுதான் என்றது. கியாஸ் கிட், மாற்றுத்திறனாளிக்காக மாற்றியமைத்த வண்டி போன்றவற்றுக்குச் சட்டமே வாசல் வைத்திருக்கிறது. பெரிய டயருக்கும் ஸ்பேசருக்கும் அந்த வாசல் இல்லை. 'என் ஆர்சி அட்டையில் டயர் அளவே அச்சிடவில்லையே, பிறகு எதற்கு மாறாக இருக்கிறது?' என்று ஒரு வாதம் உண்டு. பதிவில் ஏறும் விவரங்களைப் பற்றித்தான் அந்தத் தீர்ப்பு பேசுகிறது என்று ஒரு வக்கீல் நின்று வாதாடலாம், வெறும் டயர் என்றால் நானே வாதாடிப் பார்ப்பேன். ஆனால் ஸ்பிரிங்கில் ஸ்பேசர் வைத்து உயரத்தையே தூக்கிய பிறகு அந்த வாதம் நிற்பது கஷ்டம்.

கேரள அதிகாரிக்கு டிஎன் 75 வண்டி மேல் என்ன அதிகாரம் என்றும் கேட்டிருக்கிறீர்கள். இது மத்தியச் சட்டம். பிரிவு 182ஏ(4), ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். டயருக்கு ஒன்று, ஸ்பேசருக்கு ஒன்று என்று 10,000 போட்டிருக்கலாம், ஒன்றோடு விட்டிருக்கிறார்கள். பணம் கட்டியதோடு அந்த நாளின் குற்றம் தீர்ந்தது, அவ்வளவுதான். அது இனிமேல் ஓட்டுவதற்கான அனுமதிச் சீட்டு அல்ல. அதே வண்டியை மறுநாள் ஓட்டினால் மறுபடியும் வழக்கு. வண்டி ஆபத்தான நிலையில் இருப்பதாகப் பட்டால் பிரிவு 53இன் கீழ் நோட்டீஸ் கொடுத்துப் பதிவையே நிறுத்தி வைக்கலாம். அப்படி ஆணை வந்தால் 30 நாளுக்குள் அப்பீல் செய்ய வேண்டும். தோட்டத்து வழியில்தானே ஓட்டுகிறேன் என்பதும் முழுசாக உதவாது. பொதுமக்களுக்குப் போக உரிமையுள்ள வழி எல்லாம் சட்டத்தில் பொது இடம். உங்கள் விபத்து நடந்ததும் ஊர் ரோட்டில்தான்.

எனக்கு உண்மையிலேயே மனசு கேட்காத விஷயம் ஒன்று உண்டு. நான் மெக்கானிக் இல்லை, ஆனால் இந்த மாதிரி வழக்குகளுக்காகக் கணக்குப் போட்டுப் பழகிவிட்டேன். உங்கள் வண்டிக்குக் கம்பெனி கொடுத்த டயர் 145/80 ஆர்12. தரையிலிருந்து உச்சிவரை விட்டம் சுமார் 537 மி.மீ. நீங்கள் போட்டது சுமார் 578 மி.மீ. வித்தியாசத்தில் பாதிதான் வண்டியைத் தூக்கும். அதாவது டயரால் உங்களுக்குக் கிடைத்தது இரண்டே சென்டிமீட்டர் உயரம். அதற்குக் கொடுத்த விலையைப் பாருங்கள். சக்கரம் ஏறத்தாழ 8 சதவீதம் பெரிதானதால் மீட்டர் 60 காட்டும்போது வண்டி முன்பு ஓடியதைவிட 4, 5 கிலோமீட்டர் கூடுதல் வேகத்தில் ஓடுகிறது. பிரேக் பழைய பிரேக்தான், ஆனால் பெரிய சக்கரத்தை நிறுத்த அதற்குப் பலம் குறைவு. 796 சிசி எஞ்சினுக்கு ஏற்றத்தில் இழுவையும் அதே அளவு குறையும். ஏற்றத்துக்காகப் போட்ட டயர் ஏற்றத்திலேயே எஞ்சினைத் திணற வைக்கிறது. மண்ணில் கடிக்கும் கட்டைப் பல், நனைந்த தாரில் சாதாரண டயர் அளவுக்குப் பிடிப்பதில்லை. ஐப்பசி மழையில் நம் மலையோர இறக்கங்கள் எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ரப்பர் மரங்களுக்கு நடுவே வளையும் ரோட்டில், பஸ்ஸுக்கு ஒதுங்கி நிற்கும் பிள்ளைகளும் பால்வெட்டுக்குப் போகும் பெண்களும்தான் எப்போதும் ஓரத்தில் இருப்பார்கள். அன்று அந்த இடத்தில் நின்றது ஒரு பெரியவர்.

கடைக்காரரைச் சும்மா விட வேண்டியதில்லை. வண்டி பழுதுபார்ப்பவரும் சட்டத்தில் 'டீலர்' என்ற சொல்லுக்குள் வருகிறார், பிரிவு 2(8). சட்டம் அனுமதிக்காத மாற்றத்தைச் செய்து கொடுத்த டீலருக்கு 182ஏ(1)இல் தனித் தண்டனை உண்டு. 'ஒண்ணும் செய்ய மாட்டாங்க' என்று சொல்லி விற்றது நுகர்வோர் சட்டத்தில் சேவைக் குறைபாடு என்றும் கேட்கலாம். அவர் அதை வாட்ஸ்அப்பில் சொல்லியிருந்தால் அழிக்காதீர்கள். ஆனால் அபராதம் கட்டிய பிறகும் ஓட்டியது உங்கள் பங்கு. நுகர்வோர் ஆணையம் அதைக் கேட்கும்.

சர்வேயர் வேலை முடிந்ததும், ஒர்க்‌ஷாப்பை விட்டு வண்டி வெளியே வருமுன், பழைய அளவு டயரையும் ரிம்மையும் மாட்டி ஸ்பேசரைக் கழற்றுங்கள். ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் உட்பக்கம் டயர் அளவும் காற்றழுத்தமும் ஒட்டியிருக்கும், புத்தகத்திலும் இருக்கும். அந்த அளவிலேயே, புதுசாக, பட்டன், அதாவது டயரின் பல், ஆழமாக உள்ள டயர் வாங்குங்கள். பட்டன் 1.6 மி.மீ.க்குக் கீழே தேய்ந்தால் அதுவும் சட்டப்படி தவறுதான். கழற்றியதைப் படம் எடுத்து, பில்லோடு இன்சூரன்ஸ் கம்பெனிக்கு ஒரு கடிதம் அனுப்புங்கள். மழை மாதங்களில் தோட்டத்திலிருந்து ரப்பர் ஷீட் இறக்க ஊரில் வாடகை ஜீப் கிடைக்கும். மாதம் இரண்டு மூன்று நடைக்கு அது நீங்கள் இதுவரை செலவழித்ததைவிடக் குறைவாகத்தான் வரும்.

கிரிமினல் வழக்கில் பாரதிய நியாய சன்ஹிதாவின் பிரிவு 281ம் (அஜாக்கிரதையாக ஓட்டியது), எலும்பு முறிவு என்பதால் 125(பி)யும் போட்டிருப்பார்கள். இரண்டாவதற்கு 3 ஆண்டு வரை தண்டனை உண்டு. எனவே இதை நீங்களே பார்த்துக்கொள்ளாமல் குழித்துறையிலோ பத்மநாபபுரத்திலோ ஒரு வக்கீலிடம் வக்காலத்து கொடுங்கள்.

ஒன்று விட்டுப்போயிற்று. பெரியவரை இதுவரை போய்ப் பார்த்தீர்களா என்று எழுதவில்லை. போங்கள். அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். ஆஸ்பத்திரிச் செலவுக்குக் கையில் இருப்பதைக் கொடுத்தால் தப்பில்லை. ஆனால் இருபது ரூபாய் முத்திரைத்தாளில் 'பேசித் தீர்த்துக்கொண்டோம், இனி எந்தக் கோரிக்கையும் இல்லை' என்று யாராவது எழுதிக் கொண்டுவந்தால் இரண்டு பேருமே கையெழுத்துப் போடாதீர்கள். கம்பெனியைக் கேட்காமல் நீங்கள் ஒப்புக்கொள்வது பாலிசி நிபந்தனைக்கு விரோதம்; அவரோ பின்னால் வரவேண்டிய பெரிய தொகையைச் சின்னத் தொகைக்கு விட்டுக்கொடுத்தவர் ஆகிவிடுவார். 6 மாதக் கெடுவை அவர் மகனிடமோ மகளிடமோ சொல்லிவிட்டு, உங்கள் பாலிசியின் நகல் ஒன்றைக் கையில் கொடுத்துவிட்டு வாருங்கள்.