சட்டக் கேள்வி-பதில்: அப்பீல் போட்டுவிட்டால் ஜீவனாம்சம் தர வேண்டாமா?

கேள்வி: விவாகரத்துத் தீர்ப்பில் நிரந்தர ஜீவனாம்சமாக 12 லட்சம் ரூபாய் தரச் சொல்லி ஏழு மாதம் ஆகிறது. அவர் உயர் நீதிமன்றத்தில் அப்பீல் போட்டுவிட்டு, "கேஸ் முடியும்வரை ஒரு பைசா கிடையாது" என்கிறார். கோவையில் தனியார் மில்லில் வேலை. பெருந்துறையில் அவர் பெயரில் வீட்டுமனை இருக்கிறது. நான் என்ன செய்ய வேண்டும்?
- வாசகி, ஈரோடு

பதில்: அப்பீல் போட்டதாலேயே தீர்ப்பு நின்றுவிடாது, சகோதரி. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் கட்டளை 41, விதி 5 இதைத் தெளிவாகச் சொல்கிறது. தடை வேண்டுமென்றால் அவர் தனி மனு போட்டு உத்தரவு வாங்க வேண்டும். பணத் தீர்ப்பாணை (பணம் தரச் சொல்லும் டிக்ரி) என்பதால் தொகையைக் கட்டவோ பிணை கொடுக்கவோ நீதிமன்றம் சொல்லும்.

முதலில் அவருடைய சி.எம்.ஏ. (உரிமையியல் இதர மேல்முறையீடு) எண்ணை வாங்கி, நீதிமன்றங்களின் இ-கோர்ட்ஸ் இணையதளத்தில் தடை உத்தரவு ஏதும் இருக்கிறதா என்று பாருங்கள். எண்கூட ஆகாமல், குறைகளுக்காகத் திருப்பப்பட்ட அப்பீலைக் காட்டியே காலம் கடத்துபவர்கள் உண்டு. தடை மனு இன்னும் வரவில்லை என்றால் உடனே உயர் நீதிமன்றத்தில் கேவியட் (என்னைக் கேட்காமல் உத்தரவு போட வேண்டாம் என்ற முன்மனு) போடுங்கள். அது 90 நாள்தான் செல்லும். பிறகு புதிதாகப் போட வேண்டும்.

தடை இல்லையென்றால், தீர்ப்பாணையின் சான்றிட்ட நகலோடு அதே குடும்ப நல நீதிமன்றத்தில் நிறைவேற்று மனு (இ.பி.) தாக்கல் செய்யுங்கள். தள்ளிப் போடாதீர்கள். தீர்ப்பாணைக்கு இரண்டு ஆண்டு கடந்துவிட்டால் முதலில் அவருக்கு நோட்டீஸ் போக வேண்டும்; அதற்குள் மனை கைமாறிவிடலாம். தீர்ப்பாணையில் வட்டி சொல்லப்படவில்லை என்றால் வட்டியைக் கணக்கில் சேர்க்காதீர்கள், மனு திரும்பிவிடும்.

மனையை ஜப்தி செய்யக் கேளுங்கள். வில்லங்கச் சான்று எடுத்து, சர்வே எண், பரப்பு, நான்கெல்லை எல்லாம் பத்திரத்தில் உள்ளபடியே எழுத வேண்டும். உட்பிரிவு எண் ஒன்று தவறினாலும் ஜப்தி செய்ய வரும் நீதிமன்ற ஊழியரான அமீனா திரும்பிவிடுவார். ஜப்திக்குப் பிறகு அவர் மனையை விற்றாலும் அந்த விற்பனை உங்களைக் கட்டுப்படுத்தாது. உத்தரவு வில்லங்கச் சான்றில் ஏறியதா என்று சரிபார்த்துக் கொள்ளுங்கள்.

ஆனால் மனையை ஏலத்துக்குக் கொண்டுவந்து பணமாக்கலாம் என்று இப்போதைக்கு எண்ண வேண்டாம். அப்பீல் நிலுவையில் இருக்கும்போது அவர் மனு போட்டால், கட்டளை 41, விதி 6-இன்படி அசையாச் சொத்தின் ஏலத்தை நிபந்தனையோடு நிறுத்தி வைத்தே ஆக வேண்டும். ஜப்தி மட்டும் நீடிக்கும். என் கருத்தில், மனையைப் பிடிமானமாக வைத்துக்கொண்டு பணத்துக்குச் சம்பளத்தையும் வங்கிக் கணக்கையும் குறிவைப்பதே நல்லது.

சம்பளத்தில் ஒரு சிக்கல் உண்டு. தனியார் ஊழியர் என்றால், சம்பளம் வழங்கும் அலுவலர் இ.பி.யை விசாரிக்கும் நீதிமன்றத்தின் எல்லைக்குள் இருக்க வேண்டும். மில் கோவையில் இருப்பதால், தீர்ப்பாணையைக் கோவைக்கு மாற்றக் கேட்டு முதலில் மனு செய்யுங்கள். சாதாரணக் கடனுக்கு, மாதச் சம்பளத்தில் முதல் 1,000 ரூபாயும் மீதியில் மூன்றில் இரண்டு பங்கும் அவருக்கே. ஜீவனாம்சத் தீர்ப்பாணைக்கு மூன்றில் ஒரு பங்குக்குத்தான் பாதுகாப்பு. ஆகவே மனுவில் வெறும் "பணப் பாக்கி" என்று எழுதாமல் "நிரந்தர ஜீவனாம்சம்" என்றே எழுதச் சொல்லுங்கள். பி.எஃப். பணத்தைத் தொட முடியாது. வேறு சொத்து என்ன இருக்கிறது என்று தெரியாவிட்டால், கட்டளை 21, விதி 41-இன்படி சொத்து விவரப் பிரமாண வாக்குமூலம் கேளுங்கள். உத்தரவிட்டும் தராவிட்டால் மூன்று மாதம் வரை சிவில் சிறை.

நிபந்தனையோடு தடை கிடைத்து அவர் பாதித் தொகையைக் கட்டினால், அதை எடுத்துக்கொள்ள அனுமதி கேட்டு உயர் நீதிமன்றத்திலேயே மனு செய்யுங்கள். அப்பீலில் தொகை குறைந்தால் கூடுதலாகப் பெற்றதைத் திருப்பித் தர நேரும். அந்தப் பங்கை வைப்புநிதியில் போட்டு வையுங்கள். "ஆறு மாதமானால் தடை தானாகப் போய்விடும்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 2024 பிப்ரவரி 29 அன்று உச்ச நீதிமன்றம் அந்த நிலையை மாற்றிவிட்டது. தடையை நீக்க நீங்கள்தான் மனு போட வேண்டும்.

கேள்வி: மாதம் 8,000 ரூபாய் ஜீவனாம்ச உத்தரவு இருக்கிறது. 20 மாதம் பாக்கி. கணவர் சீராய்வு மனு போட்டிருக்கிறார்.
- வாசகி, தேனி

பதில்: சீராய்வு மனுவும் தானாகத் தடை ஆகாது. ஆனால் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) பிரிவு 144-இன்படி வாரண்ட் கேட்க, பாக்கி விழுந்த நாளிலிருந்து ஓராண்டுதான் கெடு. கடைசி 12 மாதத்துக்கு இந்த வாரமே மனு போடுங்கள். பழைய எட்டு மாதத்துக்குப் பணத் தீர்ப்பாணை போல நிறைவேற்றக் கேளுங்கள்; ரஜ்னேஷ் - நேஹா வழக்கில் 2020-இல் உச்ச நீதிமன்றம் அதற்கு வழி சொல்லியிருக்கிறது. அவர் சிறைக்குப் போய் வந்தாலும் பாக்கி கழிந்துவிடாது.