தொலைந்த பார்சலும் ஒரு ஜோடித் தோடும்

கேள்வி: கையால் செய்த காதணிகளை வீட்டிலிருந்தே ஆன்லைனில் விற்கிறேன். சாதாரணத் தபாலில் செலவு குறைவு. ஆனால் அவ்வப்போது யாராவது ‘வரவில்லை’ என்கிறார்கள். இனி எல்லாவற்றையும் டிராக்கிங்கோடுதான் அனுப்ப வேண்டுமா?

பதில்: எல்லாவற்றையும் வேண்டாம். முதலில் ஒரு நோட்டை எடுத்து, கடைசியாக அனுப்பிய 100 பார்சலில் எத்தனை போய்ச் சேரவில்லை என்று எண்ணுங்கள். டிராக்கிங்குக்கு ஆகும் கூடுதல் செலவு, ஒரு ஜோடியைத் திரும்பச் செய்து அனுப்பும் செலவில் பத்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்வோம். 100 பார்சலுக்கும் டிராக்கிங் போட்டால் 10 ஜோடியின் காசு அதிலேயே போய்விடும். தொலைந்தது இரண்டோ மூன்றோ என்றால், கிடைக்காதவர்களுக்குப் பேசாமல் வேறு ஜோடி அனுப்பிவிடுவதுதான் லாபம். ஆனால் விற்கும் விலையை வைத்துக் கணக்குப் போடாதீர்கள்; உங்களுக்கு ஆகும் அடக்கத்தை வைத்துப் போடுங்கள்.

அதற்காக முழுக்கச் சாதாரணத் தபாலுக்கும் போய்விடாதீர்கள். கார்டில் பணம் கட்டியவர் ‘பொருள் வரவில்லை’ என்று தன் வங்கியில் புகார் கொடுத்தால், ஒப்படைத்ததற்கு உங்களிடம் ஆதாரம் கேட்பார்கள். டிராக்கிங் இல்லையென்றால் காட்ட ஒன்றும் இருக்காது. நான் மணிமாலை கோத்து விற்கிறவள். எது தொலைந்தால் எனக்கு ராத்திரி தூக்கம் வராதோ, அது டிராக்கிங்கோடு போகும். மூன்று நாள் குனிந்து உட்கார்ந்து கோத்த மாலை அந்த ரகம். அரை மணியில் முடிகிற தோடு அந்த ரகம் இல்லை.

இதை நான் பட்டுத்தான் கற்றேன். தொழில் தொடங்கிய புதிதில் ஒரு அம்மா ‘இன்னும் வரலையேம்மா’ என்று எழுதினார். நான் என்ன செய்தேன் தெரியுமா? முகவரி சரியா, பக்கத்து வீட்டில் கேட்டீர்களா, இன்னும் பத்து நாள் பொறுங்கள் என்று போலீஸ் விசாரணை மாதிரி மூன்று பதில் அனுப்பினேன். ஒன்றரை மாதம் கழித்து அந்தப் பார்சல் என்னிடமே திரும்பி வந்தது. ஜெல் பேனாவில் எழுதிய வீட்டு எண் மழையில் கரைந்து, நீலத் தீற்றலாக இருந்தது. தப்பு முழுக்க என்னுடையது. உடனே பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அவரும் ‘பரவாயில்லை’ என்றார். அப்புறம் என் கடைப் பக்கமே வரவில்லை.

இப்போது முகவரியை அச்சிட்டு, மேலே கண்ணாடி டேப் ஒட்டுகிறேன். பார்கோடு மேல் மட்டும் ஒட்டுவதில்லை. டேப்பின் பளபளப்பில் ஸ்கேனர் திணறும். பெட்டிக்குள்ளும் ஒரு முகவரிச் சீட்டு போடுகிறேன். ஒவ்வொரு ஆர்டரிலும் கொஞ்சம் காசைத் தனி டப்பாவில் போட்டுவைக்கிறேன். மாற்றுப் பொருள் அனுப்பும் செலவு அதிலிருந்துதான் போகிறது. எப்போதோ ஒதுக்கிய காசு என்பதால், அனுப்பும்போது முகம் சுளிக்கத் தோன்றுவதில்லை.

கேள்வி: உடைந்து வந்தது என்கிறார்கள். பொருளைத் திருப்பி அனுப்பச் சொல்லலாமா?

பதில்: உடைந்ததை வாங்கி என்ன செய்யப் போகிறீர்கள்? ஒரு போட்டோ போதும். அன்றைக்கே வேறொன்று அனுப்புங்கள். ஏமாற்றுகிறவர்கள் உண்டுதான். அதே ஆள் இரண்டாம் முறையும் சொன்னால் நோட்டில் பெயரைக் குறித்துக்கொண்டு, அடுத்ததைக் கையெழுத்து வாங்கும் சேவையில் அனுப்புங்கள். நூறு நல்லவர்களை அந்த ஒருவருக்காகச் சந்தேகப்படாதீர்கள். போட்டோவில் பெட்டியின் மூலை நசுங்கியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். நசுங்கியிருந்தால் உள்ளே அடைப்பு போதவில்லை. மூடிய பெட்டியைக் காதருகே வைத்து ஆட்டும்போது சத்தம் கேட்டால், நான் மறுபடி பிரித்துக் கட்டுவேன்.

கேள்வி: 300 கிராம் பொருளுக்குக் கூரியரில் 2 கிலோவுக்கு மேல் போட்டுவிட்டார்கள். அநியாயம் இல்லையா?

பதில்: அது பெட்டியின் வேலை. கூரியர்காரர்கள் நிஜ எடை, கன அளவு எடை இரண்டில் எது கூடுதலோ அதற்குத்தான் காசு வாங்குவார்கள். நீளம், அகலம், உயரம் மூன்றையும் செ.மீ.யில் பெருக்கி, பெரும்பாலும் 5000-ஆல் வகுப்பார்கள். 30 × 25 × 15 பெட்டி என்றால் 2.25 கிலோ. அதே பொருளை 20 × 15 × 6 பெட்டியில் வைத்தால் 0.36 கிலோதான். உங்கள் கூரியர் எந்த எண்ணால் வகுக்கிறது என்று கேட்டுக்கொண்டு, இரண்டு மூன்று அளவுப் பெட்டிகளை மொத்தமாக வாங்கி வையுங்கள். கிடைத்த பெட்டியில் போட்டு, மிச்ச இடத்துக்கு நியூஸ்பேப்பர் திணிக்கிற பழக்கம்தான் காசைத் தின்கிறது.

கேள்வி: வெளிநாட்டு வாடிக்கையாளர், சுங்கப் படிவத்தில் ‘பரிசு’ என்று எழுதச் சொல்கிறார். எழுதலாமா?

பதில்: கூடாது. விற்ற பொருளைப் பரிசு என்று எழுதுவது பொய்க் கணக்கு. மாட்டினால் கையெழுத்து போட்ட நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். விலையைக் குறைத்து எழுதினாலும், பார்சல் தொலையும்போது அந்தக் குறைந்த தொகைக்குத்தான் நஷ்டஈடு கேட்க முடியும். ‘வரி அங்கே நீங்கள் கட்ட வேண்டியிருக்கலாம்’ என்று ஆர்டர் எடுக்கும்போதே சொல்லிவிடுங்கள். மனசு கேட்கவில்லையா? அவருக்கு விலையில் கொஞ்சம் தள்ளுபடி கொடுத்து, அந்தக் குறைந்த விலையையே படிவத்தில் எழுதுங்கள்.