திறப்பு விழாவுக்கு மறுநாள்: வாசகர் கேள்வி-பதில்

பொது இடங்களில் சிற்பம் செய்து வைப்பவர்கள் வேறு. அதைக் கழுவி, மெழுகு பூசி, எங்கே துரு பிடிக்கிறது என்று பார்த்துக்கொண்டிருப்பது என் வேலை. பழைய நகர மையங்களில் நிரந்தரக் கலைப்படைப்பு வைப்பது பற்றி வந்த கேள்விகளில் சில இங்கே.

கேள்வி: பழைய கடைவீதியைப் புதுப்பித்துவிட்டோம். நடுச் சதுக்கத்தில் ஒரு சிற்பம் வைக்க வணிகர் சங்கத்தில் பணமும் சேர்ந்துவிட்டது. பாதிப் பேர் நகரை நிறுவியவரின் வெண்கலச் சிலை என்கிறார்கள், மீதிப் பேர் நவீனமாக ஏதாவது கேட்கிறார்கள். எதை வைக்கலாம்?

'எதை' என்பதைக் கொஞ்சம் தள்ளிவையுங்கள். 'யார் கழுவுவது?' என்று சங்கக் கூட்டத்தில் முதலில் கேளுங்கள். சிரிப்பார்கள், பரவாயில்லை. சிகாகோவில் அனிஷ் கபூரின் 'கிளவுட் கேட்' இருக்கிறதே, வருகிறவர்கள் எல்லாம் தங்கள் முகம் பார்த்துப் படம் எடுக்கும் அந்த எவர்சில்வர் மேகம், அதன் கீழ்ப்பகுதி 6 அடியைத் தினமும் இரண்டு தடவை துடைக்கிறார்கள். துடைக்காவிட்டால் அது பளபளப்பல்ல, கைரேகைக் கண்காட்சி. 168 தகடுகளைப் பற்றவைத்துச் செய்த அந்த வேலை 60 லட்சம் டாலர் மதிப்பீட்டில் தொடங்கி 2 கோடியே 30 லட்சத்தில் போய் நின்றது. அவ்வளவு பெரிய ஊருக்குத் தாங்கும். உங்கள் சங்கத்துக்கு? சேர்ந்த பணத்தில் பத்தில் ஒரு பங்கையாவது தனிக்கணக்கில் போட்டுவிட்டு மிச்சத்தைச் சிற்பியிடம் சொல்லுங்கள்.

அடுத்தது தரை. பழைய கடைவீதிகளில் நடைபாதைக்கு அடியில் பல சமயம் மண்ணே இருக்காது. கடைகளின் நிலவறை தெரு வரை நீண்டிருக்கும், யாருக்கும் நினைவில்லாத குழாய்கள் ஓடும். பல டன் எடையை அங்கே நிறுத்தலாமா என்று பொறியாளர் எழுதித் தந்த பிறகு கலைஞரைத் தேடுங்கள். தீயணைப்பு வண்டி திரும்ப இடம் வேண்டும், சரக்கு வண்டி பின்னால் வர வேண்டும், மழைநீர் ஓட வேண்டும். ஒரு நாள் முழுக்கச் சதுக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் சிலைக்கான இடம் நீங்கள் நினைத்த நட்டநடுவில் இருக்காது.

இப்போது உங்கள் சண்டைக்கு வருகிறேன். புதிதாக வார்த்து, நூறு வருடப் பழசு போலப் பச்சை ஏற்றிய சிலை எனக்குப் பிடிக்காது. அசலாகப் பழைய கட்டடங்களுக்கு நடுவில் அது ஒரு சின்னப் பொய். நிறுவியவர் வேண்டுமென்றால் வையுங்கள், செய்த ஆண்டைப் பீடத்தில் கண்ணில் படுகிற மாதிரி வெட்டுங்கள்.

எது வந்தாலும் உலோகத்தைப் பாருங்கள். 1886-இல் திறந்த சுதந்திர தேவி சிலைக்குத் தோல் செம்பு, எலும்பு இரும்பு. இரண்டுக்கும் நடுவில் வைத்த காப்புப்பொருள் கெட்டதும் இரும்பு துருப்பிடித்து உப்பி, செம்பை நெளித்துவிட்டது. 1986-இல் முடிந்த சீரமைப்பில் அந்த இரும்புச் சட்டங்களுக்குப் பதிலாகத் துருப்பிடிக்காத எஃகு போட்டார்கள். கடல்காற்று அந்த வேலையைச் சீக்கிரமாக்கியிருக்கும், ஆனால் இதே கதையைச் சிறிய அளவில் நான் அடிக்கடி பார்க்கிறேன். வெண்கலச் சிலை உள்ளே வெற்றுக் கூடு. பாதத்துக்குக் கீழே விரல் நுழையும் அளவுக்கு நீர் வடியும் துளை விட்டிருப்பார்கள். குப்பையும் சூயிங்கம்மும் அதை அடைக்கும். உள்ளே நிற்கிற தண்ணீர் இரும்பு போல்ட்டைத் தின்னும், கணுக்காலில் செம்பழுப்புக் கோடு ஒன்று வழியும். ஒரு கம்பியால் குத்திவிட்டால் போதும், ஆனால் அந்தத் துளை இருப்பதே யாருக்கும் தெரியாது.

கேள்வி: வீதி முனையில் பழைய செங்கல் சுவர் வெறுமையாக நிற்கிறது. நேராக அதன்மேல் ஓவியம் வரையலாமா?

இதுவரை பெயிண்ட் படாத சுவர் என்றால் வேண்டாம். பழைய செங்கலும் சுண்ணாம்புக் காரையும் ஈரத்தை வாங்கி வெளியே விடும். மேலே அக்ரிலிக் படலம் விழுந்தால் வெளியே வரும் வழி அடைபடும். உப்புப் பூக்கும், பனி விழும் ஊரானால் உள்ளே தங்கிய நீர் உறைந்து செங்கலின் முகமே பொரிந்து உதிரும். ஓவியத்தையும் கூட்டிக்கொண்டுதான் உதிரும்!

ஓவியத்தைத் தனிப் பலகைகளில் வரையச் சொல்லுங்கள். பின்னால் காற்றோட இடைவெளி விட்டுச் சட்டத்தில் மாட்டுங்கள். ஆணி காரை இணைப்பில்தான் இறங்க வேண்டும், செங்கலில் அல்ல. காரையைத் திரும்பப் பூசிவிடலாம், துளை விழுந்த செங்கலுக்கு ஜோடி கிடைக்காது. வெயில் நேராக விழும் சுவரென்றால் எந்த நிறம் முதலில் வெளுக்கும் என்று ஓவியரிடமே கேளுங்கள். பதில் சொல்லத் திணறுபவர் வெளிச்சுவரில் வேலை செய்திருக்க மாட்டார்.

கேள்வி: மக்கள் வாக்கெடுப்பு நடத்திச் சிற்பத்தைத் தேர்வு செய்தால் சர்ச்சை வராது அல்லவா?

வரும். வாக்கில் ஜெயிப்பது செல்பேசித் திரையில் அழகாகத் தெரியும் படம். மக்களைக் கேட்க வேண்டியது அதற்கு முன்னால்: எங்கே உட்காருகிறீர்கள், எங்கே நிழல் வேண்டும், இந்த வீதியில் எது மறந்துபோகக் கூடாது? 1967-இல் சிகாகோவில் பிக்காசோவின் 50 அடி எஃகுச் சிற்பம் திறந்தபோது, அதை எடுத்துவிட்டு ஒரு பேஸ்பால் வீரரின் சிலையை வைக்கலாம் என்று நகரமன்ற உறுப்பினர் ஒருவர் யோசனை சொன்னார். இன்றைக்கு அதன் சரிவில் குழந்தைகள் சறுக்கி விளையாடுகிறார்கள்.

கேள்வி: மாதிரி வடிவத்தை இலவசமாகக் கேட்கலாமா?

கூடாது. முதல் சுற்றில் பழைய வேலைகளைப் பாருங்கள். பிறகு மூன்று நான்கு பேரை அழைத்து, இடத்தைக் காட்டி, மாதிரிக்குக் கூலி கொடுத்துக் கேளுங்கள்.

கேள்வி: வைத்த பிறகு யாருக்கும் பிடிக்கவில்லை என்றால்?

நியூயார்க்கில் ஒரு அரசு வளாகத்தின் முன் சிற்பி ரிச்சர்ட் செர்ராவின் 'டில்டட் ஆர்க்' 1981-இல் வந்தது. 120 அடி நீளம், 12 அடி உயர எஃகுச் சுவர். குறுக்கே நடக்க முடியவில்லை என்று அங்கே வேலை செய்தவர்கள் மனுப் போட்டார்கள். அந்த இடத்துக்கென்றே செய்தது, நகர்த்தினால் அழித்ததாகும் என்றார் செர்ரா. விசாரணை, வழக்கு எல்லாம் முடிந்து 1989-இல் வெட்டி எடுத்தார்கள். என் அனுதாபம் இரண்டு பக்கமும் உண்டு.

ஒப்பந்தம் போடும் அன்றே எழுதிவிடுங்கள்: எத்தனை ஆண்டுகள் கழித்து அகற்றுவது பற்றிப் பேசலாம், யார் முடிவெடுப்பார்கள், முதலில் கலைஞருக்குத் தெரிவிப்பது எப்படி, இடம் மாற்றச் செலவு யாருடையது. நிழற்பட உரிமையும் அதிலேயே வரட்டும், நாளைக்கு யாராவது காலண்டர் அடிப்பார்கள். கலைஞர்களின் உரிமை பற்றிச் சட்டம் நாட்டுக்கு நாடு மாறும், வழக்கறிஞர் ஒருமுறை படிக்கட்டும்.

கடைசித் தவணையைக் கொடுக்கும் முன் கலைஞரிடமிருந்து பராமரிப்புக் குறிப்பை வாங்கிக்கொள்ளுங்கள். உலோகக் கலவை, போல்ட் இருக்கும் இடங்கள், மெழுகின் வகை, பெயிண்டின் நிறக் குறியீட்டு எண் எல்லாம் அதில் இருக்க வேண்டும். நிறம் என்ற இடத்தில் வெறுமனே 'சிவப்பு' என்று எழுதியிருந்தால் திருப்பி அனுப்பிவிடுங்கள்.