கோடையில் நாயின் காதைக் கடித்துப் புண்ணாக்கும் ஈக்களிடமிருந்து அதை எவ்வாறு காப்பது?

வாசலில் கட்டி வளர்க்கும் நாட்டு நாயின் இரண்டு காது நுனிகளையும் சித்திரை பிறந்ததிலிருந்து ஈக்கள் மொய்த்துக் கடிப்பதாகவும், ரத்தம் காய்ந்து கறுத்த பொருக்குக் கட்டுவதாகவும், களிம்பு தடவியும் குணமாகவில்லை என்றும் கேட்டிருக்கிறீர்கள். எங்கள் வீட்டுச் செவலையும் இதே துன்பத்தை இரண்டு கோடைகள் அனுபவித்தது. கோவில்பட்டிப் பக்கம் தொழுவமும் வீடும் ஒரே வளவுக்குள் இருக்கும் குடும்பம் எங்களுடையது என்பதால், நாயையும் மாட்டையும் ஈயையும் சேர்த்தே பார்த்துப் பழகியவன் என்ற அளவில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கடிப்பது எந்த ஈ என்பதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். காது நுனியைக் குறிவைப்பது பெரும்பாலும் கடி ஈ. எங்கள் ஊரில் மாட்டு ஈ என்போம். நிறத்திலும் அளவிலும் வீட்டு ஈயைப் போலவே இருப்பதால் பலர் இதனைப் பொருட்படுத்துவதில்லை. ஆனால் சுவரில் உட்கார்ந்திருக்கும்போது நெருங்கிப் பார்த்தால், அதன் தலைக்கு முன்னால் ஊசி போன்ற கறுத்த குழல் நீட்டிக்கொண்டிருப்பது தெரியும். வீட்டு ஈக்கு அந்தக் குழல் கிடையாது. ஈரத்தை ஒற்றி உறிஞ்சத்தான் அதனால் முடியும், தோலைத் துளைக்க முடியாது. கொசுவில் பெண் மட்டுமே ரத்தம் குடிக்கிறது, கடி ஈயிலோ ஆணும் பெண்ணும் குடிக்கின்றன. வயிறு நிறையச் சில நிமிடங்கள் ஆகும், கடியோ சுருக்கென்று வலிக்கும். நாய் காதை உதறியதும் பறந்து மீண்டும் வேறிடத்தில் குத்தும். இதனால் ஒரே ஈ பல துளைகள் போட்டுவிடுகிறது. அந்தத் துளைகளில் கசியும் ரத்தத்தை நக்கவே வீட்டு ஈக்கள் வந்து மொய்க்கின்றன. ஆகையால் நம் கண்ணுக்குத் தெரியும் கூட்டத்தில் கடிப்பவை சிலவாகவே இருக்கலாம்.

காது நுனியில் முடி குறைவு, தோல் மெல்லியது, நாயின் நாக்கோ பல்லோ எட்டாத இடமும் அதுதான். விறைத்த காதுள்ள நாய்களுக்கு நுனியிலும், மடிந்த காதுள்ளவற்றுக்கு மடிப்பின் மேல் விளிம்பிலும் புண் வரும். ராஜபாளையம் நாய் வளர்க்கும் நண்பர் ஒருவர், தன் நாய்க்கு நுனியில் ஒன்றுமில்லாமல் மடிப்பில் மட்டும் புண் வருவதால் அதனைச் சொறி என்றே நெடுநாள் எண்ணியிருந்தார். புண்ணின் வலியில் நாய் ஓயாமல் தலையை உதறினால் காது மடலுக்குள் ரத்தக்குழாய் உடைந்து மடல் பணியாரம் போல உப்பிவிடுவதும் உண்டு. அதை மருத்துவரிடம்தான் காட்ட வேண்டும், வீட்டில் ஊசியால் குத்தி வடிக்கக் கூடாது.

இனி, நான் முக்கியமாகச் சொல்ல விரும்புவதற்கு வருகிறேன். செவலைக்குப் புண் வந்த முதல் கோடையில், அது பக்கத்து வீட்டுக் கோழிகளை விரட்டுகிறது என்பதற்காகக் காலையிலிருந்து மாலை வரை தொழுவத்துக் கல்தூணில் சங்கிலி போட்டுக் கட்டியிருந்தோம். தினமும் களிம்பு தடவுவேன். மறுநாள் புதிய ரத்தம் இருக்கும். ஏறக்குறைய பத்து நாட்கள் இப்படியே போயின. மாட்டுக்குச் சினை பார்க்க வந்த கால்நடை மருத்துவரிடம் நாயின் காதைக் காட்டியபோது, அவர் காதைப் பார்த்துவிட்டு நேராகத் தீவனத் தொட்டிக்குப் பின்புறம் போய், மாடு தின்று கழித்த வைக்கோல் கூளத்தை ஒரு குச்சியால் கிளறினார். மேலே காய்ந்து கிடந்த கூளத்துக்கு அடியில் சாணமும் கோமியமும் ஊறிய ஒரு சாண் கனத்துக்கு வெதுவெதுப்பான ஈரப் படுகை இருந்தது. அதற்குள் வெளிறிய புழுக்கள் நெளிந்துகொண்டிருந்தன. நாங்கள் நாள்தோறும் பெருக்கிய தொழுவம்தான் அது. ஆனால் தொட்டிக்கும் சுவருக்கும் இடையில் இருந்த அந்த இரண்டடி இடத்தில் எங்கள் விளக்குமாறு ஒருநாளும் போனதில்லை.

கடி ஈ புதுச் சாணத்தைவிட, சாணமும் சிறுநீரும் கலந்து அழுகும் வைக்கோலையே முட்டையிட விரும்புகிறது. கோடை வெப்பத்தில் முட்டையிலிருந்து ஈயாக வெளிவர ஏறக்குறைய மூன்று வாரங்கள் போதும். எனவே வாரம் ஒருமுறை அந்த ஈரக் கூளத்தை முழுமையாக வாரி எடுத்தால் அடுத்த தலைமுறை உருவாகாமல் அறுத்துவிடலாம். வாரியதைக் குவியலாகப் போட்டால் இடம் மாறியதே தவிரப் பயன் இல்லை. வெயிலில் மெல்லியதாகப் பரப்பினால் ஓரிரு நாளில் உலர்ந்து புழுக்கள் செத்துவிடும். நல்ல வேளையாக இந்த ஒரு காரியத்தில் கோடை நமக்குத் துணை நிற்கிறது. சாணத்தை அன்றன்றே வறட்டியாகத் தட்டிவிடுவதும் இதே வேலையைச் செய்கிறது. கோடைமழை ஒன்று பெய்துவிட்டால் வைக்கோல் படப்பின் அடிப்பகுதியையும், கழுநீர்த் தொட்டியைச் சுற்றிய சகதியையும் கட்டாயம் பார்க்க வேண்டும்.

மாடு இல்லாத வீட்டிலும் இந்த ஈ வரும். வெட்டிக் குவித்த புல், மட்கும் இலைச் சருகு, வாழைமட்டைக் குவியல், காயாத உரத்தொட்டி ஆகியவற்றிலும் அது பெருகும். பறந்து வெகுதூரம் வரவும் அதனால் முடியும். ஆகவே அண்டை வீட்டாரிடம் பணிவாகப் பேசிப் பாருங்கள். கடி ஈயால் மாட்டுக்கும் தொல்லை, கறவையும் குறையும் என்பதைச் சொன்னால், நாய்க்காக இரங்காதவரும் மாட்டுக்காகச் செய்வார்.

அடுத்தது, நாயைக் கட்டும் இடம். தெருவில் திரியும் நாய்களைக் கவனித்திருப்பீர்கள்: வெயில் ஏறியதும் வேப்பமர நிழலில் மண்ணைப் பறித்துப் பள்ளம் செய்து உடம்பைப் புதைத்துக்கொள்ளும், அல்லது வண்டிக்கு அடியில் இருட்டில் போய்ப் படுத்துவிடும். ஈயிடமிருந்து தப்ப அதற்குத் தெரிந்த வழி அது. சங்கிலியில் இருக்கும் நாய்க்கு அந்த வழி அடைபட்டுவிடுகிறது. கடி ஈ பகலில் மட்டுமே கடிக்கும். காலையிலும் பிற்பகல் சாயும் நேரத்திலும் அதன் தொல்லை மிகுதி. அந்த நேரங்களில் நாயை வீட்டுக்குள் வெளிச்சம் குறைந்த அறையிலோ, கொசுவலை அடித்த திண்ணையிலோ விட்டாலே பாதி கடி குறைந்துவிடும். மின்விசிறிக் காற்று படும்படி படுக்க வைத்தால் ஈயால் நிலைத்து உட்கார முடியாது, நாய்க்கும் வெப்பம் தணியும். செவலையைத் தொழுவத்திலிருந்து மாற்றி நடைக்குள் படுக்க விட்டதைத்தான், நாங்கள் செய்தவற்றுள் அதற்கு மிகவும் உதவியதாக இன்றும் நினைக்கிறேன். அதை ஒரு கோடை முழுவதும் தாமதமாகச் செய்தோம் என்ற வருத்தம் எனக்கு உண்டு.

புண்ணைக் கவனிக்கும் முறையையும் சொல்லிவிடுகிறேன். அரை லிட்டர் நீரைக் கொதிக்க வைத்து, ஒரு தேக்கரண்டி உப்பைக் கரைத்து ஆறவிட்டு, அதில் நனைத்த துணியைப் பொருக்கின் மேல் சில நிமிடங்கள் வைத்தால் அது ஊறித் தானாக விடும், பிய்க்கக் கூடாது. பிறகு மருத்துவர் சொன்ன களிம்பைத் தடவுங்கள். துத்தநாக ஆக்சைடு கலந்த களிம்புகளை நாய் நக்கி விழுங்கினால் கேடு என்பதால், குழந்தைக்குப் பூசுவதை எடுத்துப் பூசிவிட வேண்டாம். புண் ஆறியபின் காது விளிம்பில் வாஸ்லினை மெலிதாகப் பூசுவது ஓரளவுக்குத் தடுப்பாக அமையும். தேங்காய் எண்ணெயில் சிறிது வேப்பெண்ணெய் கலந்து பூசுவதும் எங்கள் வீட்டு வழக்கம்தான். ஆனால் அதன் வாடை சில மணி நேரத்தில் போய்விடும், காலையும் பிற்பகலும் மறுபடி பூசினால்தான் பயன். பச்சைப் புண்ணின் மேல் வேப்பெண்ணெய் எரியும்.

கடைகளில் கிடைக்கும் மருந்துகளைப் பற்றி ஒரு குழப்பம் பரவலாக இருக்கிறது. உண்ணிக்கும் தெள்ளுப்பூச்சிக்கும் கொடுக்கும் ஃப்ளூராலனர், அஃபோக்ஸோலனர் வகை மாத்திரைகள் ரத்தத்தின் வழியே வேலை செய்பவை. பூச்சி கடித்த பிறகே அதைக் கொல்லும். ஈயின் கடியை அவை தடுக்கமாட்டா. கடிக்கும் முன்பே விரட்டுவதற்கு நாய்க்கென்று தயாரான பெர்மெத்ரின் கலந்த தோல்மேல் சொட்டு மருந்துதான் பயன்படும். அதை வாங்கும்போது நாயின் எடையையும் வயதையும் சொல்லி மருத்துவரிடம் கேட்டே வாங்குங்கள். வீட்டில் பூனை இருந்தால் அதைச் சொல்ல மறக்கவே கூடாது, ஏனெனில் பெர்மெத்ரினைச் சிதைத்து வெளியேற்றும் ஆற்றல் பூனையின் உடலுக்கு மிகக் குறைவு. மருந்து போட்ட நாயோடு உரசிப் படுத்த பூனைக்குக்கூட வலிப்பு வரலாம்.

மாட்டுக்குத் தெளிக்கும் டெல்டாமெத்ரின், சைபர்மெத்ரின் மருந்துகளைக் கண்ணளவாகத் தண்ணீரில் கலந்து நாய்க்கும் ஊற்றிவிடும் பழக்கம் கிராமங்களில் இருக்கிறது. தயவுசெய்து செய்யாதீர்கள். அளவு கூடினால் வாயில் நுரைத்து எச்சில் வடியும், உடல் நடுங்கும், வலிப்பு வரும். தெரியாமல் ஊற்றிவிட்டிருந்தால் மிதமான சோப்பும் சூடில்லாத நீரும் கொண்டு நன்றாகக் கழுவி உடனே மருத்துவரிடம் கொண்டு செல்ல வேண்டும். மனிதர் பூசும் டீட் கலந்த கொசு விரட்டிகள், டீ ட்ரீ எண்ணெய், கற்பூரம் கரைத்த எண்ணெய் ஆகியவையும் நாய்க்கு ஆகாதவை. வண்டியில் வடித்த கழிவு ஆயிலைப் பூசிய நாய்களைப் பார்த்திருக்கிறேன். நாய் அதை நக்கி நக்கியே நோயுறும்.

கோடையில் நான் இதைவிட அதிகம் அஞ்சுவது புழு வைப்பதைத்தான். கடி ஈ போட்ட சிறு புண்ணில் வேறொரு ஈ, பச்சையும் நீலமுமாகப் பளபளப்பது, வந்து நூற்றுக்கு மேற்பட்ட முட்டைகளை ஒரே குவியலாக இட்டுவிடும். ஒரு நாளுக்குள்ளாகவே அவை பொரிந்து, புழுக்கள் உயிருள்ள சதையைத் தின்று உள்ளே இறங்கும். புண்ணின் மேல் வெள்ளையாக அரிசிக் குருணை ஒட்டியது போல் தெரிந்தால் அது முட்டை. கெட்ட வாடையும், நாய் ஒரு பக்கமே தலையைச் சாய்த்து உதறுவதும், இருட்டு மூலையில் ஒதுங்குவதும் புழு இறங்கிவிட்டதற்கான அடையாளங்கள். இதற்கு அந்துருண்டையைப் பொடித்துப் போடுவார்கள், பெட்ரோலை ஊற்றுவார்கள். இரண்டுமே நாயின் ரத்தத்தில் கலக்கும் நஞ்சு. பெட்ரோல் புண்ணை வேகவும் வைத்துவிடும். டர்பெண்டைன் எண்ணெயை மருத்துவர் அளவறிந்து பயன்படுத்துவது வேறு, நாம் பாட்டிலோடு கவிழ்ப்பது வேறு. அன்றே மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள். புழுக்களை ஒவ்வொன்றாக எடுத்து, வலி தெரியாதிருக்க மருந்து கொடுத்து அவர்கள் செய்வதற்கு மாற்று வீட்டில் கிடையாது. ஆகையால்தான் கோடை முழுவதும் மாலையில் விளக்கு வைப்பதற்கு முன் ஐந்து நிமிடம் ஒதுக்கி, காது, வாலடி, விரலிடுக்கு, பழைய தழும்பு என்று தடவிப் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொள்ளச் சொல்கிறேன். எழுந்து நடக்க இயலாத வயதான நாய்க்கு இதை நாளில் இரண்டு முறை செய்ய வேண்டும். மலமும் சிறுநீரும் பட்ட முடியைக் கத்தரித்துவிட வேண்டும். ஆனால் வெயில் என்பதற்காக உடம்பு முழுவதும் மழித்துவிடக் கூடாது, முடிதான் அதற்குக் கவசம்.

கழுத்து மடிப்பிலும் தொடை இடுக்கிலும் தட்டையாக, தட்டினாலும் பறக்காமல் முடிக்குள் பக்கவாட்டில் ஓடும் பழுப்பு ஈயைக் கண்டால், அது நாய் ஈ. விரலால் நசுக்க வராது. நெருக்கமான சீப்பால் வாரிச் சோப்பு நீரில் போட வேண்டும். அது முட்டையிடாமல், முற்றிய புழுவை ஒவ்வொன்றாகச் சுவர் வெடிப்புகளில் விட்டுச்செல்வதால், நாய் படுக்குமிடத்தின் வெடிப்புகளைப் பூசிச் சுண்ணாம்பு அடித்தால் குறையும்.

நாயின் இடத்தை மாற்றி, கூளத்தை அகற்றி, புண்ணையும் கவனித்து இரண்டு வாரம் ஆன பின்பும் காது விளிம்பில் முடி உதிர்ந்து பொருக்கு பரவிக்கொண்டே போனால், அது ஈக்கடி அல்லாமல் சொறிப் பூச்சியாக இருக்கலாம். சொறியும் காது விளிம்பிலிருந்தே தொடங்குவது வழக்கம். காது விளிம்பை விரல்களுக்கிடையில் லேசாகத் தேய்க்கும்போது நாய் பின்னங்காலைச் சொறிவது போல் ஆட்டினால் அந்தச் சந்தேகம் வலுக்கும். அப்போது தோலைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்க்கும்படி மருத்துவரிடம் கேளுங்கள்.